விதை மூட்டையில் எழுதியிருக்கும் கல்லூரிகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி அமைவதில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'உயர்கல்வி வழிகாட்டல்'. இந்தத் தலைப்பைக் கேட்டதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இது பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்கான பேச்சு, நமக்கு என்ன வேலை?" என்று நினைக்கலாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எல்லாக் கல்லூரிகளையும் பற்றிப் பேச நேரம் போதாது. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதன் கீழே வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், வேளாண் பொறியியல், சமுதாய அறிவியல் என்று துறைவாரியாகக் கல்லூரிகள் இருக்கின்றன. நம் மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், விவசாயக் கூலித் தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் "பிளஸ் டூ முடித்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர், இன்ஜினியர், போலீஸ், நர்ஸ், டீச்சர் என்று ஐந்து பதில்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். மண்ணைப் படிக்கவும், விதையைப் படிக்கவும், மரத்தைப் படிக்கவும் கல்லூரி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அந்தக் கல்லூரிகளின் பெயரோ தினமும் அவர்கள் வீட்டில் புழங்குகிறது.

எழுத்தும் எண்ணும்

எட்டாம் வகுப்பில் பயிர்ப் பாடம் எடுக்கும்போது ஒரு சிறு வேலை கொடுப்பேன். வீட்டில், வயலில், கடையில் காதில் விழும் பயிர் ரகங்களின் பெயர்களை எழுதி வரவேண்டும். பெரியவர்களைக் கேட்கலாம், விதை மூட்டையைப் பார்க்கலாம், அரிசி மண்டியிலும் விசாரிக்கலாம். மறுநாள் கரும்பலகை நிறைந்துவிடும். ஏடிடி 37, ஏடிடி 43, கோ 51, பிபிடி, சி.ஆர். 1009, விஆர்ஐ 2 மணிலா, டிஎம்வி எள், பாலூர் பலா. "எங்க தாத்தா எப்பவும் ஆடுதுறைதான் போடுவாரு, டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னான். "ஆடுதுறை என்றால் என்ன?" என்று கேட்டேன். "நெல்லு" என்றான். வகுப்பே அப்படித்தான் நினைத்திருந்தது.

ஆடுதுறை ஓர் ஊர். தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 1922-இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. அங்கே உருவான ரகங்களுக்கு ஏடிடி என்று முன்னெழுத்து. கோ என்றால் கோயம்புத்தூர். டிஎம்வி என்றால் திண்டிவனம். விஆர்ஐ என்றால் நம் மாவட்டத்து விருத்தாசலம். பிஎல்ஆர் என்றால் பண்ருட்டிக்கு அருகிலுள்ள பாலூர். விபிஎன் என்றால் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன். அது பயறு வகைகளுக்கான நிலையம். ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம். டிகேஎம் என்றால் திருவள்ளூர் பக்கத்துத் திரூர்குப்பம். பிகேஎம் என்றால் பெரியகுளம். கே என்று ஒற்றை எழுத்து இருந்தால் கோவில்பட்டி. கரிசல் மண்ணுக்கும் மானாவாரிக்குமான அந்த நிலையம் 1901-இலேயே தொடங்கப்பட்டது.

இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் அது சமூக அறிவியல் பாடமாகிவிடும். மழை, மண், தட்பவெப்பம் ஆகியவற்றைக் கொண்டு தமிழ்நாட்டை வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை பெறும் பகுதி, மலைப் பகுதி என 7 வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். டெல்டாவில் நன்றாக விளையும் நெல் திருநெல்வேலியிலும் அதே மாதிரி விளையும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மண்டலத்திலும் அதற்கேற்ற ஆராய்ச்சி நிலையங்கள் பரவியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கரும்பில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. கோ 86032 என்ற கரும்பில் வரும் 'கோ' வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைக் குறிப்பதல்ல. 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட, இன்று மத்திய அரசின் கீழ் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தைக் குறிக்கும். கரும்பு கோயம்புத்தூரில் நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் ஒட்டுச் சேர்க்க முடியும். அங்கே ஒட்டுச் சேர்த்து, கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகங்களுக்குக் 'கோசி' என்று பெயர். நம் மாவட்டத்தின் முதலெழுத்து அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு நெல்லின் வம்சம்

இந்த நிலையங்களில் நடக்கும் வேலை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஒரு நெல்லை மட்டும் சொல்கிறேன்.

1912-இல் கோயம்புத்தூரில் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. 1921-இல் அங்கிருந்து ஜிஇபி 24 என்ற சன்ன நெல் வெளிவந்தது. 'அரசு பொருளாதாரத் தாவரவியலர்' என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே ஜிஇபி. அந்த நெல்லைத் திரூர்குப்பத்தில் கோ 18 என்ற இன்னொரு கோயம்புத்தூர் நெல்லுடன் ஒட்டுச் சேர்த்து டிகேஎம் 6 உருவானது. அந்த டிகேஎம் 6-ஐப் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வாங்கி ஐ.ஆர்.20 ரகத்துக்குப் பெற்றோராகப் பயன்படுத்தியது. நம் தாத்தா பாட்டி காலத்து ஆட்களைக் கேட்டால் ஐ.ஆர்.20-ஐத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பசுமைப் புரட்சிக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நெல் என்றே அதை நினைத்திருப்பார்கள். அதன் ஒரு பாட்டி கோயம்புத்தூர்க்காரி.

கடைகளில் 'டீலக்ஸ் பொன்னி' என்று விற்கும் பிபிடி 5204 ஆந்திரத்துப் பாபட்லாவில் உருவானது. அதுவும் ஒரு வேளாண் கல்லூரி இருக்கும் ஊர்தான். அந்த நெல்லின் பெற்றோர் வரிசையிலும் ஜிஇபி 24 இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தில் தேர்ந்தெடுத்த நெல்லின் பேரப்பிள்ளைகளை நாம் இன்றும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மரபியல் பாடத்துக்கு இதைவிட நல்ல வம்ச வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரிக்குள் என்ன நடக்கிறது?

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1965-இல் மதுரையில் இன்னொரு வேளாண் கல்லூரி வந்தது. இந்த இரண்டையும் கருவாக வைத்து 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது.

இந்தக் கல்லூரிகளின் முழுப் பெயரைப் பாருங்கள். 'வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்' என்றே இருக்கும். இரண்டும் ஒரே வளாகம். காலையில் வகுப்பெடுக்கும் பேராசிரியர் மதியம் தன் ஆய்வு வயலில் நிற்பார். கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் என்று மூன்று வேலைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். விரிவாக்கம் என்றால் ஆய்வில் கண்டதை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மாவட்டங்களில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

ஒரு புதிய நெல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நெல் தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர். ஒரு பூவுக்குள் 6 மகரந்தத்தாள்கள் இருக்கும். பூ திறப்பதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு வேறு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, உறை போட்டுக் கட்ட வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டாலும் ஒரு பூவுக்கு ஒரு விதைதான். அதை விதைத்தால் முதல் சந்ததி. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக விதைத்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைக் கழித்து வருவார்கள். குணங்கள் நிலைபெற்ற பிறகு பல ஊர்களில் சோதனை. அதற்குப் பிறகு விவசாயிகளின் வயலிலேயே சோதனை. எல்லாவற்றிலும் தேறினால்தான் பெயரும் எண்ணும் கிடைக்கும். இதற்குப் பத்து ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

பெயர் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்குவார்கள். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நீல அட்டையைப் பார்த்திருப்பார்கள். அதில் ரகத்தின் பெயர் அச்சாகியிருக்கும். விதைப்பு முடிந்ததும் தூக்கி எறியும் அந்த அட்டையை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நூற்றுக்கு எத்தனை விதை முளைக்கும் என்ற கணக்கை ஐந்தாம் வகுப்பிலேயே ஈரத்துணியில் விதைகளைச் சுருட்டி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சதவீதம் என்றால் என்னவென்று பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனக்கலப்பும் உயிர்த்தொழில்நுட்பமும் ஒரு பாடமாக இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர்களுக்கு இதே வேலையைச் செய்யும் நிலையம் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் பாடத்தின் மீது பார்வையே மாறுகிறது.

நெல்லுக்கு அப்பால்

வேளாண் கல்லூரி என்றால் ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். "அதுக்கு எதுக்கு டீச்சர் காலேஜு? எங்க வயல்லயே கத்துக்குவானே" என்றார். நியாயமான கேள்விதான். அதனால் மற்றக் கல்லூரிகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. முன்பெல்லாம் முருங்கை என்றால் கிளையை வெட்டி நடுவதுதான் வழக்கம். அங்கிருந்து 1989-இல் வெளிவந்த பிகேஎம் 1 விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை. ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இன்று சந்தையில் நாம் வாங்கும் நீளமான காய்களில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை. திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நீலகிரி மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி. வனவியலும் பட்டு வளர்ப்பும் அங்கே பட்டப் படிப்புகள். விவசாயி தன் நிலத்தில் மரத்தையும் ஒரு பயிராக வளர்த்துக் காகித ஆலைக்கும் ஒட்டுப்பலகை ஆலைக்கும் விற்க முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு சவுக்கு, மலைவேம்பு போன்ற மரங்களில் ஆய்வு செய்கிறார்கள். நம் கடற்கரைப் பகுதியில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொந்த விஷயம்.

கோயம்புத்தூரிலும் லால்குடி பக்கத்துக் குமுளூரிலும் வேளாண் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. பண்ணைக் கருவிகள், பாசனம், மண் அரிப்புத் தடுப்பு, விளைபொருளைப் பதப்படுத்துவது ஆகியவை அங்கே பாடங்கள். டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் பையன் உங்கள் வகுப்பில் ஒருவனாவது இருப்பான். மதுரையில் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியில் உணவும் ஊட்டச்சத்தும் படிக்கலாம். கோயம்புத்தூரில் உயிர்த்தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், வேளாண் வணிக மேலாண்மை ஆகிய படிப்புகளும் இருக்கின்றன. பருவமழை வருவதற்கு முன் எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை எதிர்பார்க்கலாம் என்று முன்னறிவிப்புத் தருகிறார்களே, அதைக் கணிக்கும் காலநிலை ஆராய்ச்சி மையமும் அந்த வளாகத்தில்தான் உள்ளது.

ஆக, வேதியியல் பிடித்தவருக்கு மண் இருக்கிறது. இயற்பியல் பிடித்தவருக்கு இயந்திரமும் மழையும் இருக்கின்றன. கணக்குப் பிடித்தவருக்குப் புள்ளியியல் இருக்கிறது. பூச்சி பிடிப்பதே வேலையாக இருப்பவனுக்குப் பூச்சியியல் என்று தனித்துறையே இருக்கிறது. கோயம்புத்தூர் வளாகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பூச்சி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா போகும்போது அதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய விதையும் புதிய விதையும்

இதைப் பேசும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி வரும். "புதுப்புது ரகங்களைக் கொண்டுவந்துதானே மாப்பிள்ளைச் சம்பாவையும் மற்றதையும் இழந்தோம்?" இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். அங்கே நடக்கும் ஆய்வு மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று சொல்லி வேலையை விட்டு வெளியே வந்தார். கல்லூரியைக் கேள்வி கேட்டவரும் கல்லூரியில் படித்தவர்தான். நம் பிள்ளைகள் உள்ளே போய்ப் படித்தால்தான் உள்ளிருந்தும் கேள்வி கேட்க முடியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. டெல்டாவில் சி.ஆர். 1009 என்ற நெல்லை விரும்பிப் பயிரிடுகிறார்கள். சி.ஆர். என்பது ஒடிசாவின் கட்டாக் நகரைக் குறிக்கும். அங்குள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் கே. ராமையா, கோயம்புத்தூர் நெல் நிலையத்தில் பணியாற்றிய நம் ஊர் அறிவியலர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் சில நாட்களில் அழுகிவிடும். இப்போது சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் வந்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் தண்ணீருக்குள் இருந்தாலும், வடிந்த பிறகு மீண்டும் துளிர்க்கும் தன்மை அதற்கு உண்டு. அந்தத் தன்மையைக் கொடுத்த மரபணு எங்கிருந்து வந்தது? ஒடிசாவில் விவசாயிகள் வெள்ளப் பகுதியில் காலங்காலமாக விதைத்துவந்த ஒரு பாரம்பரிய நெல்லிலிருந்து. அந்தப் பழைய நெல்லை யாரோ பாதுகாத்து வைத்திருந்ததால்தான் இந்தப் புதிய நெல் கிடைத்தது.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாலூர் 1 பலா ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. பண்ருட்டி வட்டாரத்தில் பணிக்கன்குப்பத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஒரு கிராமத்தில் நின்ற மரத்தின் அருமையை அறிந்து, அதை ஒட்டுக்கட்டிப் பெருக்கி, ரகமாக்கினார்கள். கோயம்புத்தூரில் ராமையா பெயரில் அமைந்துள்ள மரபணு வங்கியில் பயிர் ரகங்களின் விதைகளைக் குளிரில் பாதுகாக்கிறார்கள். விதையைக் காப்பதில் விவசாயிக்கும் கல்லூரிக்கும் பங்கு இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொன்னால் போதும். மீதியை அவர்களே விவாதிப்பார்கள்.

முடிவு எடுக்கும் வயது

இனி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

2021-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டன. அந்த இடங்களில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வேளாண் படிப்புக்கான மாநில அரசு இடங்களுக்கு நீட் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு முக்கியமான தகுதி, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. அதாவது, இந்த வாசல் திறப்பதும் மூடுவதும் ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் தொடங்கிவிடுகிறது.

எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளை. ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. அதன் பிறகு கடன் வாங்கி ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டாள். நன்றாகப் படித்தாள். அப்பாவுடன் வயலுக்குப் போய் வருவாள். எந்தப் பூச்சி எந்த மாதம் வரும் என்று அவளைக் கேட்கலாம். வேளாண்மை படிக்க ஆசைப்பட்டாள். பிளஸ் டூ-வில் நல்ல மதிப்பெண்ணும் எடுத்தாள். பொதுத் தரவரிசையில் இடம் கிடைக்கவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அந்த மூன்று ஆண்டுகள் தடையாக நின்றன. அவள் அம்மா என்னிடம், "அன்னைக்கே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா நாங்க மாத்தியே இருக்க மாட்டோமே டீச்சர்" என்றார். தனியார் பள்ளியில் சேர்த்தபோது இந்தச் சட்டம் வரவில்லை. அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்று சட்டம் இருக்கிறது. சொல்வதற்கு நாமும் இருக்கிறோம். அந்தப் பெண் இப்போது கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். பட்டம் முடித்துவிடுவாள். அவள் விரும்பிய படிப்பு அதுவல்ல.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களே, சான்றிதழ் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு பெற்றோரிடமும் இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது அவர்கள் உரிமை. அந்த முடிவில் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து எடுக்கட்டும்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொரு கடமை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவு கல்லூரி வாசலை முடிவு செய்துவிடுகிறது. வேளாண் பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். வேளாண்மை, தோட்டக்கலை, வனவியலுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தொழிற்கல்வியில் வேளாண் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கும் இடங்கள் உண்டு. 'ஒக்கேஷனல்தானே' என்று நாமே தாழ்வாகப் பேசும் பிரிவிலிருந்தும் வேளாண் பட்டப் படிப்புக்குப் போக வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் விதிகளில் சிறு மாற்றங்கள் வரலாம். அந்தந்த ஆண்டுக்கான விண்ணப்பக் கையேட்டைப் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்து அச்சிட்டுத் தகவல் பலகையில் ஒட்டி வைப்பது நல்லது.

ஆங்கிலத்துக்குப் பயந்து விலகும் மாணவர்களும் இருக்கிறார்கள். வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டப் படிப்புகள் 2021-22 முதல் கோயம்புத்தூரில் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டன என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். கடலோரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையும், ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியர்கள் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தையும் இதேபோலத் தெரிந்துகொள்ளலாம். 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கேயும் உண்டு.

மூன்று சிறு வேலைகள்

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. மூன்று சிறு வேலைகள் மட்டும்.

முதலாவது, தொடக்கப் பள்ளியில் ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் ரகப் பெயர்களை அதன் ஊரில் குறிக்கச் சொல்லுங்கள். நெல் மட்டும் வேண்டியதில்லை. மணிலா, உளுந்து, கம்பு, கத்தரி, முந்திரி, எதுவானாலும் சரி.

இரண்டாவது, நடுநிலை வகுப்பு மாணவர்களை அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். நமக்கு விருத்தாசலம், பாலூர், கடலூர் மூன்றும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றுக்கொண்டால் போதும். தலைமையாசிரியர் ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் நீங்கள் அறிந்தவைதான். போகும்போது மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி எழுதி எடுத்துப் போகட்டும். எங்கள் பிள்ளைகள் கேட்டதில் எனக்குப் பிடித்த கேள்வி: "ஒரு ரகத்துக்குப் பேர் வைக்காம விட்டுட்டா அந்த விதையெல்லாம் என்ன ஆகும்?"

மூன்றாவது, வேளாண் கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவர்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளுடன் வேலை பழகும் பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் பகுதிக்கு அப்படி யாராவது வந்திருந்தால் பள்ளிக்கு அழையுங்கள். அவர்களில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களும் இருப்பார்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட, "நானும் இதே மாதிரி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று ஓர் அக்காவோ அண்ணனோ சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள்.

எம்.எஸ். சுவாமிநாதன் முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தவர். 1943-இல் வங்கத்தில் ஏற்பட்ட பஞ்சம் அவர் மனத்தைத் திருப்பியது. அதன் பிறகே கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையில் உள்ள வேளாண் கல்லூரிக்கு இப்போது அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பசி என்பது ஒரு பாடம் என்று அவருக்கு யாரோ, ஏதோ உணர்த்தியது. நம் மாணவர்களில் பலருக்குப் பசியும் தெரியும், மண்ணும் தெரியும். அதைப் படிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தி மட்டும்தான் அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் வேலை நம்முடையது. அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளி வரைபடத்தின் படத்தைக் கைபேசியில் எடுத்து வாருங்கள். எந்த ஊர் வீட்டில் எந்த ஊர் விதை இருக்கிறது என்று ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.